படிவத்தின் பதினான்காவது கேள்வி

"அம்மா முகத்தை நான் வாங்கிக்கிட்டேன்னா, அம்மா எதை வச்சுக்குவாங்க?"

மைனா இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. மூச்சு விடாமல் பேசுவதால் வீட்டில் வைத்த பெயர் அது. அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடையின் முக்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடி வாங்க வந்த யாரோ, "அப்படியே அம்மா முகத்தை வாங்கிட்டு வந்திருக்கே" என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போயிருந்தார்கள். குழந்தைக்கு அது பெரிய கவலையாகிவிட்டது.

அம்மா சிரித்தாள். அப்பா ஃப்ரேமை வளைப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நான்கு வயது மூத்தவளான அக்கா வீட்டுப்பாட நோட்டில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். பதில் மட்டும் யாரும் சொல்லவில்லை.

அந்த அம்மா இறந்து ஒன்பது வருடமாகிறது. முகம் வீட்டுக்குள்தான் இருக்கிறது. காலையில் பல் தேய்க்கிறது. கடைக்கு வந்து பின்னறையில் லென்ஸ் அறுக்கிறது. சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து, "உப்பு வேணுமாப்பா?" என்று கேட்கிறது. மூக்கின் நடுவில் அதே சின்ன மேடு. சிரித்தால் மேல் உதடு ஒரு பக்கம் ஏறும் அதே வழக்கம்.

"வேண்டாம்" என்பார் அப்பா, அவள் தோளைப் பார்த்து.

வருகிறவர்கள் எல்லோரையும் தாடையில் இரண்டு விரல் வைத்து நிமிர்த்தி, முகத்தை நேராகப் பார்த்துக் கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர் அவர். சின்ன மகளோடு பேசும்போது மட்டும் அவர் கண் அவள் தோளிலோ அவளுக்குப் பின்னால் தொங்கும் காலண்டரிலோ போய் நின்றுவிடும்.

இன்று செவ்வாய்க்கிழமை. பகல் பதினோரு மணிக்கு அந்த மூக்கை மாற்றப் போகிறார்கள்.

*

காலை ஏழரைக்கே மூன்று பேரும் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் இருந்தார்கள். மைனாவுக்கு ஜன்னல் ஓரக் கட்டில். முதுகுப் பக்கம் நாடா கட்டும் நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை இன்னும் கழற்றாமல், நேற்று இரவிலிருந்து எதுவும் சாப்பிடாத வயிற்றோடு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்காரரான அப்பா முக்காலியில் இருந்தார். படிவத்தை நிரப்புவது அவர் வேலை. கண் பரிசோதனைச் சீட்டு எழுதி எழுதி, அவர் கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல் இருக்கும்.

"வயசு?"

"ஏம்பா, உங்களுக்குத் தெரியாதா?"

"படிவத்துல இருக்கறதைக் கேக்கறேன்."

"இருபத்திநாலு."

"புகை பிடிக்கும் பழக்கம்?"

"இன்னும் ஆரம்பிக்கல."

"செயற்கைப் பல்?"

"அப்பா, விளையாடறீங்களா?"

"தினமும் சாப்பிடும் மாத்திரைகள்?"

"மாசா மாசம் ஒழுங்கா வர்றதுக்கு ஒரு மாத்திரை. அக்காவுக்குப் பேர் தெரியும்."

அக்கா சொன்னாள். அவர் எழுதினார். பன்னிரண்டு, பதின்மூன்று என்று பேனா இறங்கியது. பதினான்காவது கேள்வியில் நின்றது.

"குடும்பத்துல யாருக்காவது ரத்தக்குழாயில ரத்தம் உறைஞ்சு, அதனால திடீர் மரணம்..." வாசித்துக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். பிறகு 'இல்லை' என்று எழுதினார். அடுத்த வரியில், தாய் இறந்த காரணம் என்ற இடத்தில், 'இதயம் நின்றது' என்று எழுதினார். ஒன்பது வருடமாக எல்லோரிடமும் சொல்லிவந்த இரண்டு சொற்கள்.

அக்கா தன் உள்ளங்கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். கட்டை விரல்கள் இரண்டும் சுட்டன. அந்தச் சூடு அடிக்கடி வரும். யாராவது அம்மாவைப் பற்றிப் பேசினால் வரும். சும்மா இருக்கும்போதும் வரும். ஒரு காலின் கெண்டைச் சதையை அழுத்திப் பிடித்த சூடு அது. ஒன்பது வருடமாக ஆறவில்லை.

*

அவளுக்கு வேலை இதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ரத்தம் உறையும் தன்மையைச் சோதிக்கும் லேபில். சில குடும்பங்களில் மட்டும் ரத்தம் ஏன் தேவைக்கு மேல் உறைகிறது என்று அங்கே புதிதாக ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருந்தார்கள். மெஷினைச் சரிபார்க்க ஆரோக்கியமானவர்களின் ரத்தம் வேண்டும். அதற்கு ஆளைத் தேடுவதில்லை. லேபில் வேலை செய்கிறவர்களே கையை நீட்டிவிடுவார்கள். அக்கா கொடுத்தது நாலாம் நம்பர் டியூப்.

மூன்று வாரம் கணக்கு உதைத்தது. மருந்துப் புட்டிகளை மாற்றினார்கள். ஃபிரிட்ஜைப் பழுது பார்த்தார்கள். மெக்கானிக் இரண்டு தடவை வந்து, இரண்டு தடவையும் டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார். போன வெள்ளிக்கிழமை லேப் மேடம் அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. நாலாம் நம்பர் டியூப்தான் நார்மல் இல்ல."

"நாலாம் நம்பர் நான்தான் மேடம்."

"தெரியும். அதான் கூப்பிட்டேன்." மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "பயப்படாதே. இந்த ரத்தத்தோட எண்பது வயசு வரைக்கும் ஒண்ணும் ஆகாம இருக்கறவங்கதான் அதிகம். ஆனா ஆபரேஷன், பிரசவம், மணிக்கணக்கா உக்காந்து பயணம், சில மாத்திரைங்க, இதுக்கெல்லாம் முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லியாகணும். அப்பாவோ அம்மாவோ யாரோ ஒருத்தர் குடுத்ததுதான். கூடப் பிறந்தவங்களுக்கும் பாதிக்குப் பாதி இருக்கலாம். வீட்ல யாராவது திடீர்னு...?"

"அம்மா. ஹார்ட்" என்று அவள் வாய் தானாகச் சொன்னது.

சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். அந்தப் பொய்யைச் சொல்லாமல் விட்டிருந்தால் அடுத்த கேள்வி வந்திருக்கும். அடுத்ததற்கும் பதில் சொன்னால் அதற்கு அடுத்தது. ஒரு நூலை இழுத்தால் அம்மாவின் மானம் மொத்தமும் பிரிந்து வந்துவிடும். 'யார்கிட்டயும் சொல்லிடாதே கண்ணு, அப்பாகிட்ட கண்டிப்பா சொல்லாதே' என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டவள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை மைனாவிடம் மெதுவாக ஆரம்பித்துப் பார்த்தாள். "கொஞ்ச நாள் தள்ளிப் போடேன்."

"உனக்கென்ன, அப்பா மூக்கு. நீ சொல்லிக்கலாம்" என்றாள் தங்கை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஃபோட்டோவுல நல்லா இருக்கணும்னு கடைக்கு வர்றவங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன். உன்கிட்ட நிஜத்தைச் சொல்றேன். அம்மா போனதிலிருந்து அப்பா என்னைப் பார்க்கறதில்லக்கா. பார்த்தா அம்மா ஞாபகம் வந்துடுது. இந்த மேடு மட்டும் போயிட்டா பார்ப்பாரு. ஒரே ஒரு நாள் பார்த்து, 'சாப்டியா'ன்னு கேட்டா போதும்."

அதன் பிறகு அக்காவால் எதுவும் பேச முடியவில்லை. முடிவு தெரிந்த வெள்ளிக்கிழமையிலிருந்து, சொல்லத் தெரியாமல் நான்கு நாள் போய்விட்டது.

*

"மயக்க மருந்து டாக்டர் ஒன்பது மணிக்கு வருவாங்க" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

தன் ரத்தத்தின் முடிவை மட்டும் டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்ற எண்ணத்தோடு அக்கா நடைக்கு வந்தாள். அம்மாவைப் பற்றிப் பேச வேண்டாம். படிவத்தில் இருப்பது இருக்கட்டும்.

நடையின் கோடியில் சாய்வு நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்து தலை மட்டும் தெரிந்தது. தலையைச் சுற்றி, தாடைக்குக் கீழே போய், காதுகளை மூடி, வெள்ளைக் கட்டு.

அக்கா நின்றுவிட்டாள். அதே கட்டு. அதே சாய்வு. ஒன்பது வருடத்துக்கு முன் தன் ஹாஸ்டல் அறை ஜன்னலுக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு ஆறு நாள் உட்கார்ந்திருந்த தலை. இன்னும் ஒரு நிமிடத்தில் திரும்பிப் பார்த்து, 'கால் இழுக்குதுடி, கொஞ்சம் பிடிச்சு விடறியா' என்று கேட்கும்.

அந்தப் பெண் திரும்பவில்லை. ஆனால் கீழே தரையில் அவளுடைய மகள் உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வயதிருக்கும். அம்மாவின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டிருந்தாள்.

"அமுக்காதே."

தன் குரல்தான் என்று அக்காவுக்குத் தெரிய ஒரு கணம் ஆயிற்று. ஓடியிருக்கிறாள். அந்த மகளின் கைகளைப் பிடித்திருக்கிறாள்.

"வலிக்குதுங்கறாங்க..." என்றாள் அவள் திகைத்துப்போய்.

"அதனாலதாம்மா. ஆபரேஷன் ஆனவங்களுக்கு ஒரு கால் மட்டும் வலிச்சா பிடிச்சு விடக் கூடாது. நர்ஸைக் கூப்பிடணும். இரு, நான் கூப்பிடறேன்."

நர்ஸ் வந்து இரண்டு கால்களையும் தொட்டுப் பார்த்தாள், அளந்தாள். "வெறும் தசைப் பிடிப்பா இருக்கலாம். எதுக்கும் டாக்டர் பார்க்கட்டும்" என்று சக்கர நாற்காலி கொண்டுவரச் சொன்னாள். அந்த மகள் அக்காவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கூடப் போனாள்.

நடையில் தனியாக நின்றாள் அக்கா. ஒரு வார்த்தை. அவளுக்குப் பத்தொன்பது வயதில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஆள் இல்லை. இப்போது அந்த வார்த்தை அவளிடமே இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருத்திக்குச் சொன்னதை உள்ளே கட்டிலில் இருக்கிறவளுக்குச் சொல்லாமல் வைத்திருப்பதைக் கடவுள் எப்படிப் பார்ப்பார் என்று நினைத்தாள். பயத்தைவிட வெட்கம்தான் முதலில் வந்தது.

டாக்டர் வருவதற்காகக் காத்திருக்காமல் அவரைத் தேடிக்கொண்டு போனாள்.

*

மயக்க மருந்து டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. பேச்சு குறைவு. மூக்குக் கண்ணாடி நழுவி நழுவி இறங்கும். ஒற்றை விரலால் மேலே தள்ளிக்கொண்டே இருப்பார். திரையை இழுத்து மூடிவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் நின்று படிவத்தைப் படித்தார்.

"உங்க அக்கா வெள்ளிக்கிழமை வந்த அவங்க ரத்த ரிசல்ட்டைப் பத்திச் சொன்னாங்க" என்றார் மைனாவிடம். "உனக்கும் அது இருக்கலாம். இருந்தாலும் இது சின்ன ஆபரேஷன்தான். ரத்தம் உறையாம இருக்க ஊசி போட்டுட்டு, கவனமா செய்யலாம். நான் கேக்கறது இதை. பதினாலாவது கேள்வி. அம்மா எப்படிப் போனாங்க?"

"ஹார்ட்" என்றாள் மைனா.

"அந்த நேரத்துல கூட யார் இருந்தது?"

"நான்" என்றாள் அக்கா.

"நெஞ்சு வலின்னு சொன்னாங்களா?"

"இல்ல."

"மூச்சு?"

"மூச்சுத்தான் டாக்டர். நாற்காலியிலிருந்து எழுந்து தண்ணி எடுக்கப் போனாங்க. ரெண்டு அடி. மூச்சு வாங்குச்சு. விழுந்துட்டாங்க."

"அதுக்கு முன்னாடி கால் வலி, வீக்கம்?"

அக்கா கட்டை விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். டாக்டர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார்.

"உங்க ரத்தத்துல இருக்கறது ஒரு விஷயம். அதே ரத்தத்தால வீட்ல ஒருத்தர் செத்திருந்தா அது வேற விஷயம். அது தெரிஞ்சா நான் எடுக்கற முடிவே மாறும். அதனாலதான் கேக்கறேன்."

அக்கா தங்கையைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். பிறகு யாரையும் பார்க்காமல், நோயாளியின் விவரம் வாசிக்கிற குரலில் சொன்னாள்.

"அம்மா ஒரு ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க. முகத்துத் தோலை இழுத்துத் தைக்கறது. வேற ஊர்ல, சின்ன கிளினிக். நான்தான் கூடப் போனேன். எனக்குக் காய்ச்சல், பார்த்துக்கப் போறேன்னு வீட்ல சொல்லிட்டு வந்திருந்தாங்க. என் ஹாஸ்டல் ரூம்லதான் படுத்திருந்தாங்க. வீக்கம் வடிஞ்சதும் வீட்டுக்குப் போறதா இருந்தாங்க. நாலாம் நாள் இடது கால் வலிக்குதுன்னாங்க. சூடா இருந்துச்சு. நான் எண்ணெய் தேய்ச்சு அமுக்கி விட்டேன். அன்னிக்கும், அடுத்த நாளும். நல்லா இருக்குடின்னாங்க. ஆறாம் நாள் காலையில தலைக் கட்டைப் பிரிச்ச கொஞ்ச நேரத்துல போயிட்டாங்க. வந்த டாக்டர் இதயம்னு எழுதினாரு. நான் மறுக்கல."

திரைக்கு வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"நீயா?" என்றாள் மைனா.

"நான்தான்."

"அம்மா எதுக்கு அப்படிப் பண்ணிக்கிட்டாங்க? நம்ம அம்மாவா? பவுடர்கூடப் போட மாட்டாங்களே."

"கேட்டேன். சொல்லல."

"நான் சொல்றேன்."

கண்ணாடிக்காரர் பேசினார். அவர் டாக்டரின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார், நழுவி இறங்கியிருந்த கண்ணாடியை.

"அவளுக்கும் இப்படித்தான் வழுக்கிக்கிட்டே இருந்துச்சு. புது ஃப்ரேம். மூணு தடவை வளைச்சுப் பார்த்தேன், நிக்கல. கடையில நாலு பேர் இருந்தாங்க. 'ஃப்ரேம்ல தப்பில்ல, முகம்தான் தளர்ந்து போச்சு'ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா." கையிலிருந்த பேனாவை மூடினார். "நாலு பேர்ல ஒருத்தர், 'அதுக்கும் ஆபரேஷன் வந்துடுச்சு'ன்னாரு. அடுத்த மாசம் அவ உன் ஹாஸ்டலுக்குக் கிளம்பிட்டா."

"அப்பா" என்றாள் அக்கா.

"நான் வந்தப்ப முகத்துல கண்ணாடி அப்படியே இருந்துச்சு. நீ வெளியில நின்னு அழுதுகிட்டிருந்த. நான்தான் கழட்டினேன். காதுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல பஞ்சு வச்சிருந்தா. பஞ்சை எடுத்தேன். ரெண்டு காதுக்குப் பின்னாடியும் தையல். முகம் ஏன் கன்னிப்போயிருக்குன்னு கேட்டவங்ககிட்ட விழுந்ததுல பட்டதுன்னு சொன்னேன். முடியை இழுத்து மூடிவிட்டேன்."

"உங்களுக்குத் தெரியுமா? இத்தனை நாளும்?"

"தெரியும்."

"என்னை ஏம்பா ஒரு வார்த்தை கேக்கல?"

"உன்னைக் கேட்டா, அம்மா ஏன் போனாங்கன்னு நீ என்னைக் கேட்டிருப்ப."

ஒரே வீட்டில், ஒரே மேசையில், அவளைக் கொன்றது நான்தான் என்று இரண்டு பேர் தனித்தனியாக நினைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் தட்டில் சாதம் போட்டுக்கொண்டு ஒன்பது வருடம் இருந்திருக்கிறார்கள். அன்பு இல்லாத வீடு இல்லை அது. ஒருவர் மனம் நோகக் கூடாது என்று மற்றவர் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அந்த வாய்மூடலுக்குள் இறந்தவள்தான் தூங்காமல் நடந்துகொண்டிருந்தாள்.

டாக்டர் படிவத்தைக் கட்டிலில் வைத்தார். அக்காவைப் பார்த்து முதலில் பேசினார்.

"அமுக்கியிருக்கக் கூடாது. அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அமுக்காம இருந்தாலும் கால்ல உறைஞ்ச ரத்தக்கட்டி நுரையீரலுக்குக் கிளம்பியிருக்கலாம். உறைஞ்சது உங்க கையால உறையல. பத்தொன்பது வயசுல அம்மாவுக்குக் கால் வலிச்சா எந்தப் பொண்ணும் பிடிச்சுத்தான் விடும்." பிறகு பேனாவை எடுத்தார். 'இல்லை' என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'தாய்' என்று எழுதினார். "இன்னிக்கு ஆபரேஷன் கிடையாது. ரத்தம் எடுத்துப் பார்ப்போம். வெள்ளிக்கிழமை தெரிஞ்சுடும். அந்த மாத்திரையை எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட இன்னிக்கே பேசறேன். அதுவும் இதுவும் சேரக் கூடாது."

போகத் திரும்பியவர் நின்றார். "ஏம்மா, மூச்சு விடறதுல ஏதாவது சிரமமா? எதுக்கு இந்த மூக்கை மாத்தணும்னு நெனச்ச? நல்லாத்தானே இருக்கு."

மைனா தன் பாதங்களைப் பார்த்தாள்.

"வீட்ல ஒருத்தர் இதைப் பார்க்க மாட்டேங்கறாரு டாக்டர். நான் மூக்காலன்னு நெனச்சேன்."

டாக்டருக்குப் புரியவில்லை. முக்காலியில் இருந்தவருக்குப் புரிந்தது. அவர் எழுந்தார், எங்கே போவதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

*

"நாலு நாளா தெரியும் உனக்கு" என்றாள் மைனா, டாக்டர் போன பிறகு.

"ம்."

"நான் இந்த உடுப்பைப் போட்டு உக்கார்ற வரைக்கும் வாயைத் திறக்கல."

"பயந்துட்டேன்டி."

"யாருக்கு? செத்துப்போனவங்களுக்கா, இருக்கறவளுக்கா?"

அக்கா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ரத்தத்தை நீயே எடு" என்று மைனா கையை நீட்டினாள். "வேற யார் குத்தினாலும் எனக்கு வலிக்கும். எடுத்துட்டுப் போயிடு. வெள்ளிக்கிழமை வரைக்கும் என்கிட்ட பேசாதே. அப்புறம் பார்க்கலாம்."

அக்கா பட்டையைக் கட்டினாள். ஆயிரக்கணக்கான கைகளில் நரம்பு பார்த்தவளுக்கு இந்தக் கையில் பார்க்க இரண்டு தடவை கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. ஊசி ஒரே முறையில் இறங்கியது. டியூப் நிறைந்தது. மைனா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "தலை சுத்துது" என்று மட்டும் சொன்னாள். வெறும் வயிறு, போதாததற்கு இந்தக் காலை. நர்ஸ் ஓடிவந்து படுக்க வைத்தாள். "கண்ணாடியைக் கழட்டிடும்மா. டீ கொண்டாறேன். மயக்கம் தெளியற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது."

டியூபை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு அக்கா படியிறங்கினாள். லிஃப்டுக்கு நிற்கவில்லை. ரத்தம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. லேபில் அதன் மேல் ஒட்ட வேண்டிய சீட்டில் வழக்கமான விவரங்களை எழுதினாள். உறவு என்ற கட்டத்தில் 'தங்கை' என்று எழுதியபோது பேனா ஒரு முறை நின்று போனது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். கடவுளே, அவளுக்காவது இது வராமல் இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே டியூபை வரிசையில் நிறுத்தினாள். லேப் மேடம் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், அவளுடைய அன்றைய வேலையைத் தன் மேசைக்கு இழுத்துக்கொண்டார்.

*

டீ வருவதற்குள் மைனா தூங்கிப்போனாள். நர்ஸ் கோப்பையைப் பக்கத்து அலமாரி மேல் மூடி வைத்துவிட்டு, திரையை இழுத்துவிட்டுப் போனாள்.

கண்ணாடிக்காரர் திரைக்குள் தனியாக இருந்தார்.

முதலில் கட்டிலின் விளிம்பைப் பார்த்தார். பிறகு அவள் கையில் ஒட்டியிருந்த பஞ்சை. பிறகு தோளை. தோளில் வழக்கம்போலக் கண் நின்றது. அதற்கு மேலே போவது அவருக்கு மலை ஏறுவதுபோல் இருந்தது. இறந்தவளாகவே இருந்தால் என்ன செய்வது, திறந்த கண்ணோடு பார்த்து மறுபடி சிரித்தால் என்ன செய்வது என்ற பழைய பயம்.

ஏறினார்.

மேடு அதேதான். ஆனால் கொஞ்சம் கீழே இருந்தது. இடது புருவம் அவருடைய அம்மாவின் புருவம். தாடை அவருடையது. நெற்றியில் ஒரு வெள்ளைத் தழும்பு. லென்ஸ் துண்டு தெறித்துப் பட்ட காயம்போல் இருந்தது. எப்போது பட்டது? ரத்தம் வந்திருக்குமே. யார் துடைத்துவிட்டார்கள்? அவருக்குத் தெரியவில்லை.

மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்த பள்ளங்கள் இருந்தன. இடது பக்கம் தோல் உரிந்து காய்த்துப்போயிருந்தது. வலது காதுக்கு மேலே ஒரு கோடு.

பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்தது. தவறான அளவுக் கண்ணாடி. வருடக்கணக்காகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். வருகிறவர்கள் மூக்கையெல்லாம் அளந்து பொருத்துகிற கடையில், தன் கண்ணாடியைத் தானே எடுத்து, தானே வளைத்து மாட்டிக்கொண்டிருக்கிறாள். அளவு பார்க்க அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பார்க்க ஆள் இல்லை.

அலமாரி மேலிருந்த கண்ணாடியை எடுத்தார். மூக்கில் உட்காரும் சின்ன வில்லைகளைக் கட்டை விரல் நகத்தால் கொஞ்சம் அகற்றினார். இடது பக்கம் ஒரு நூல் அளவு உள்ளே போயிருந்தது, அதை வெளியே கொண்டுவந்தார். டீக் கோப்பையின் மூடியைத் திறந்து, காதில் மாட்டும் வலது தண்டின் நுனியை ஆவியில் காட்டினார். பிளாஸ்டிக் இளகியது. அவள் காதைப் பார்த்தார், வளைத்தார், மறுபடி காதைப் பார்த்தார். கண்ணாடியை அவள் முகத்துக்கு மேலே, தோலில் படாமல், ஒரு விரல் இடைவெளியில் பிடித்துக் குனிந்து சரிபார்த்தார். அவள் மூச்சு லென்ஸில் பட்டுப் பனித்தது, மறைந்தது. இன்னும் கொஞ்சம் வளைய வேண்டியிருந்தது. ஆவியில் காட்டி, மெல்லத் திருகி, விரல்களுக்கிடையில் ஆறும்வரை பிடித்துக்கொண்டார். அதுவரைக்கும் கண்ணை அவள் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

கடைசியில் சட்டை நுனியால் இரண்டு லென்ஸையும் துடைத்தார். விரல் பட்ட தடம் எங்கேயும் இல்லை என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டார். அவள் வைத்திருந்தபடியே, தண்டுகள் சுவரைப் பார்க்க, மடித்து அதே இடத்தில் வைத்தார்.

பிறகு, அவள் விழிக்கும்போது சாப்பிட ரொட்டி வாங்கி வரலாம் என்று, சத்தமில்லாமல் திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனார்.